பேர்கனில் ஒரு செத்த வீடு

“செப்டெம்பரிலை இந்த வீட்டைக் குடுத்திட்டு மெல்பேர்னுக்குப் போறன், கத்தரின்.”

“நல்லது.”

“அண்ணற்றை மகன் ஒரே கரைச்சல். தங்களோடை வந்து இருக்கட்டாம்.”

“நல்லதுதானே. அங்கை வெயில். உங்கடை முழங்காலுக்கும் சுகம்.”

“நீங்கள் வேறை ஒண்டும் சொல்லேல்லை.”

“என்னத்தைச் சொல்ல? சுவெட்டரெல்லாம் காவிக்கொண்டு போகாதேங்கோ. பாரம்.”

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் நாம் தொலைபேசியில் பேசியது இது. உங்களுக்கும் நினைவிருக்கும். பேசும்போது நான் வெண்டிக்காய் அரிந்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நல்ல பிஞ்சு வெண்டிக்காய். நுனியைத் தொட்டாலே ஒடிந்தது.

இப்போது நீங்கள் பேர்கனிலிருந்து பறந்து வந்து, மொன்றியலில் என் சமையலறைக் கதிரையில் இருந்து, தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு, ‘ஏன் கத்தரின் இப்பிடிச் செய்தனீங்கள்?’ என்று கேட்கிறீர்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் அதிக உரிமை. ஆகவே ஒழுங்காகச் சொல்கிறேன். நான் கார்டரியில், பகல்நேரக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். அங்கே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டால் நாங்கள் சத்தம் போடுவதில்லை. பக்கத்தில் முழந்தாளிட்டு, முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று கேட்போம். கடித்த பிள்ளைக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் என் பக்க நியாயம் விளங்காது. என் கணவர் யோசெப்பும் நீங்களும் மன்னார் பேசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர் இங்கே வந்தார், நீங்கள் நோர்வேக்குப் போனீர்கள். அவர் இறந்தபோது எங்கள் மகள் றொஷினி சின்னப் பிள்ளை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ‘என்ன உதவி எண்டாலும் கேளுங்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நோர்வேயிலிருந்து வந்த நீங்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, எங்கேயோ போய் ஒரு வாஷர் வாங்கிவந்து பூட்டிவிட்டுப் போனீர்கள். அடுத்த ஞாயிறு, குழாய் சொட்டுகிறதா என்று கேட்கத் தொலைபேசி எடுத்தீர்கள். அதற்கடுத்த ஞாயிறும் அதையே கேட்டீர்கள். குழாய் அதற்குப் பிறகு ஒரு நாளும் சொட்டவில்லை. ஆனாலும் நாம் இத்தனை வருடங்களாக ஒரு ஞாயிறு தவறாமல் அதைப் பற்றிப் பேசிவருகிறோம். சில ஞாயிறு நீங்கள் எடுப்பீர்கள். சில ஞாயிறு நான் எடுப்பேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. வீட்டில் ஆண் துணை இல்லாதவள் குழாயைப் பற்றி யாரிடமாவது பேசத்தானே வேண்டும்.

அன்று நீங்கள் தொலைபேசியை வைத்ததும் றொஷினி சமையலறைக்குள் வந்தாள். இருபத்தொரு வயது, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். அவளோடு பேசும்போது நான் தமிழில் தொடங்குவேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். என்னை ஏசும்போது மட்டும் நல்ல தமிழ் வரும்.

“அங்கிள் மெல்பேர்ன் போறாராம்?”

“ஓம். நல்லதுதானே.”

“அம்மா, வெண்டிக்காயைப் பாருங்கோ.”

பார்த்தேன். ஒரு கூடை வெண்டிக்காயையும் பொடியாக அரிந்து வைத்திருந்தேன். தாளித்தால் களிதான் வரும்.

“நாங்கள் ஜூலையிலை ஸ்கண்டிநேவியா போறம்தானே. கடைசியா பேர்கன். அங்கை வைச்சு அங்கிளைக் கேக்கப்போறன்.”

“என்னத்தை?”

“நீங்கள் கேக்காததை.”

“நான் என்னத்தைக் கேக்கேல்லை?”

“ஒவ்வொரு ஞாயிறும் பூசையாலை வந்து சாரியும் மாத்தாமல் இருந்து ஃபோன் கதைக்கிறீங்கள். அது வீடியோ கோல் கூட இல்லை, அம்மா.”

 சாரி மாற்றுவதற்கு நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஆனால் என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அப்படியொரு கேள்வி, கிழிந்த ஜீன்ஸ் போட்டு, முதுகில் மூட்டையோடு, ரயில் நிலையத்தில் நிற்கும் ஒரு பெட்டையின் வாயால் உங்களிடம் வந்தால் உங்களுக்கு எவ்வளவு சங்கடம். நீங்கள் யாருக்கும் மறுத்துப் பேசி அறியாதவர். நான் யோசித்தது முழுக்க உங்களைப் பற்றித்தான்.

ஆகவே அந்தப் பயணம் பேர்கன்வரை போகக்கூடாது என்று முடிவுசெய்தேன். போகாதே என்று சொல்வது என் வழக்கம் இல்லை. கார்டரியில் ஒரு பிள்ளையிடம் சறுக்குமரத்துக்குப் போகாதே என்று சொல்ல மாட்டோம். மணலில் வேறொரு நல்ல விளையாட்டைக் காட்டுவோம்.

றொஷினியும் ஜென்சியும் பிருந்தனும் மூன்று பேர். சிறுவயதிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். மாணவர்களின் பயணம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு முதுகுப் பை, பிருந்தனின் தமையன் கொடுத்த பழைய கூடாரம், பாணும் ஜாமும், இருக்கிறதிலேயே மலிவான பஸ். கோப்பன்ஹேகனில் கால்வாய், சுவீடனில் ஏரி, நோர்வேயில் மலையும் கடலும் பார்ப்பது என்பது அவர்கள் திட்டம். நான் தாய். ஓர் உதவி செய்தேன்.

“ஹொஸ்டலிலை ஏன் படுக்கிறீங்கள்? எல்லா இடத்திலையும் எங்கடை ஆக்கள் இருக்கினம்தானே. நான் சொல்லிவிடுறன்.”

பிள்ளைகள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஜென்சி, “அன்ரி, நீங்கள் ஒரு தெய்வம்,” என்றாள். அதைக் கேட்க எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது.

பிறகு நான் ஒவ்வொரு ஊருக்கும் அழைப்பு எடுத்தேன். கோப்பன்ஹேகனில் யோசெப்பின் பெரியம்மா மகள். ஹேர்னிங்கில் என்னோடு அகதி முகாமில் இருந்தவள். கோதன்பேர்க்கில் ஜென்சியின் ஞானத்தாய். எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன்: “பிள்ளையள் சரியாக் களைச்சுப்போய் வருவினம். ஓடப்பாப்பினம். ரெண்டு நாள் வைச்சு, சாப்பாடு குடுத்து அனுப்புங்கோ.” இதில் ஒரு சொல்லும் குற்றமில்லை. நம்முடைய சனத்தைப் பற்றி அறியாதவர்களுக்கு இது சாதாரண அன்பாகத்தான் தெரியும்.

ஆனால் உங்களுக்குத் தெரியும். ஒரு ஊரில் ஒரு வீட்டில் சாப்பிட்டால் அடுத்த வீட்டில் சாப்பிடாமல் வர முடியாது. ‘அங்கை போனவை, எங்கடை வாசலையும் மிதிக்கேல்லை’ என்ற பேச்சு மொன்றியலுக்கு வந்து சேர்வதற்கு அரை நாள் போதும். கோப்பன்ஹேகனில் பிள்ளைகள் கால்வாயைப் பார்க்கவில்லை. ஐந்து வீட்டில் இடியப்பம் பார்த்தார்கள். ஹேர்னிங்கில் ஒரு பெட்டை பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. பிருந்தனை ஏணியில் ஏற்றிப் பூ கட்டவிட்டார்கள், முடிந்ததும் மண்டபத்துக் கதிரைகளை அடுக்கவிட்டார்கள். கோதன்பேர்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் ஓட்டத்துக்கு ஜென்சியை நடுவராக நிறுத்தினார்கள், தோற்ற பிள்ளையின் தாய் அவளோடு இன்னும் கதைப்பதில்லையாம். ஸ்டாக்ஹோமில் ஒரு பிறந்தநாள். மறுபடியும் மண்டபம்.

ஸ்டாக்ஹோமிலிருந்து மூன்று பேரும் ஒரே தொலைபேசியில் பேசினார்கள்.

“அன்ரி, நாங்கள் இன்னும் டென்மார்க்கைப் பாக்கேல்லை. ஆனால் டென்மார்க் முழுக்க எங்களைப் பாத்திட்டுது,” என்றாள் ஜென்சி.

“எல்லா நாட்டிலையும் ஒரே கதிரைதான், அன்ரி. வெள்ளைப் பிளாஸ்ரிக்,” என்றான் பிருந்தன். அவன் குரல் மெலிந்திருந்தது. ஆள் மெலியவில்லை என்று படங்களில் தெரிந்தது.

“கவனமாய் இருங்கோ, பிள்ளையள். வடிவாச் சாப்பிடுங்கோ,” என்றேன்.

திட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்படியே போனால் விடுமுறை ஸ்டாக்ஹோமிலேயே முடிந்துவிடும். ஆனால் பிள்ளைகள் புத்திசாலிகள். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். சுவீடனின் நாட்டுப்புறத்தில் ஏதோ ஒரு ஏரி. தமிழர் ஒருவர்கூட இல்லாத ஏரி, நான் விசாரித்தேன். அங்கே கூடாரம் அடித்து, காட்டில் பழம் பொறுக்கித் தின்று, குளிர்ந்த தண்ணீரில் குதித்து, யாருக்கும் வணக்கம் சொல்லாமல் சில நாள் இருந்திருக்கிறார்கள். றொஷினி ஒரு படம் அனுப்பினாள். மூன்று பேரின் ஈரக் கால்களும் ஏரியும். அவ்வளவு அழகான படம். அதைப் பார்த்ததும் வரைபடத்தை எடுத்துத் தேடினேன். அந்த ஏரி நோர்வே எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது.

திங்கட்கிழமை ஒஸ்லோவிலிருந்து அவள் எடுத்தாள். அங்கே ஞானேந்திரன் வீட்டில் நின்றார்கள். உங்களோடு முன்பு மீன் தொழிற்சாலையில் வேலை செய்த அதே ஞானேந்திரன்.

“வியாழக்கிழமை பேர்கன், அம்மா. டிக்கெட் எடுத்தாச்சு.”

“அங்கை ஒரே மழையாம்.”

“கேள்வியையும் பிரக்டிஸ் பண்ணிப்போட்டன். ஜென்சிதான் அங்கிளாய் நடிச்சவள்.”

“ஜென்சி என்ன சொன்னவள்?”

“ஓம் எண்டவள்.”

“அவள் சொல்லுவாள்,” என்றேன்.

நான் உங்களைக் கொன்றது அதற்கு அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை காலை. வேலைக்குப் போகிற வழியில், வில்லா-மரியா மெற்றோவிலிருந்து கார்டரி வாசல்வரை நடக்கிற தூரத்துக்குள் அது முடிந்துவிட்டது.

கொல்ல வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்தில் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு காய்ச்சல் போதும் என்றுதான் இருந்தேன். வியாழன்வரை மலையில் சிநேகிதரின் கொட்டிலில் மீன் பிடிக்கப் போவதாகவும், அங்கே தொலைபேசி எடுக்காது என்றும் நீங்கள்தான் ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்கள். தொலைபேசி எடுக்காத மனிதர் ஒருவருக்குக் காய்ச்சல் வருவது மிகச் சுலபம். ‘அங்கிளுக்கு ஏலாது, வீட்டுக்கு ஆக்கள் வரக்கூடாதாம்’ என்றால் பிள்ளைகள் ஒஸ்லோவோடு திரும்பிவிடுவார்கள். ஆனால் அந்தச் செய்தி என் வாயிலிருந்து போனால் றொஷினி நம்ப மாட்டாள். ஆகவே புரோசார்ட்டில் இருக்கும் என் மச்சாள் பிரஷாந்தினிக்கு எடுத்தேன். பிரஷாந்தினியிடம் சொன்ன செய்திக்கு முத்திரை தேவையில்லை, அது தானாகவே போய்ச்சேரும்.

“அருமைராசாவுக்குக் கொஞ்சம் ஏலாதாம்,” என்றேன்.

“ஐயோ. என்ன, நெஞ்சோ?”

“தெரியேல்லை. ஃபோன் எடுக்கிறார் இல்லை.”

“எப்ப தொடக்கம்?”

“ஞாயிற்றுக்கிழமை தொடக்கம்.”

“தனிய இருக்கிற மனுசன். கதவை உடைச்சுத்தானே பாத்திருப்பினம்.” பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். “கத்தரின், ஒளிக்காமல் சொல்லு. முடிஞ்சுதோ?”

மேப்பிள் மரத்தடியில் நின்றேன். எதிரே கார்டரி வாசலில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மெல்பேர்ன் என்று நினைத்தேன்.

“ஓம்,” என்றேன்.

அந்த ஒரு சொல்லில் நீங்கள் இறந்தீர்கள். உங்களுக்கு வலித்திருக்காது.

மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைத்த நேரத்தில் பிரஷாந்தினி மரண அறிவித்தலை எழுதி வாசித்துக் காட்டினாள். அவள் நல்ல வேகமானவள். ‘வங்காலையைப் பிறப்பிடமாகவும், நோர்வே பேர்கனை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கியது. பேசாலை என்று திருத்தினேன். உங்கள் ஊரைப் பிழையாகப் போடுவதை என்னால் அனுமதிக்க முடியாது. படத்தையும் நானே தெரிவுசெய்தேன். நீலச் சட்டை போட்ட படம். அதில் ஓரமாக என் தோள் கொஞ்சம் இருந்தது, வெட்டினேன்.

“தாய் தேப்பன் காலஞ்சென்றவை. அண்ணரும் காலஞ்சென்றவர். மெல்பேர்னிலை பெறாமகன். வேறை ஆர்?” என்று கேட்டாள்.

“வேறை ஒருத்தரும் இல்லை.”

“உன்னை என்னெண்டு போட?”

“என்னை ஏன் போடுறாய்?”

“எடி, கிழமைக்குக் கிழமை கதைக்கிறனி. போட்டாலும் கதைப்பினம், போடாட்டிலும் கதைப்பினம்.”

“காலஞ்சென்ற யோசெப்பின்ரை நண்பர் எண்டு போடு.”

“அது யோசெப்பைப் பற்றி. நான் கேக்கிறது உன்னைப் பற்றி.”

சுற்றிவரப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். நான் யோசித்தேன். சகோதரனும் இல்லை. மைத்துனரும் இல்லை. சம்பந்தி இல்லை. நம்முடைய அறிவித்தல்களில் கொழுந்தனின் மாமனாருக்குக்கூட ஓர் இடம் இருக்கும். எனக்கு இருக்கவில்லை.

“சரி, விடு. ‘மொன்றியல் கத்தரினின் அன்புக்குரியவரும்’ எண்டு போடுறன்,” என்றாள் பிரஷாந்தினி.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் குற்றங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் எங்கள் பங்குக் கோவிலில் உங்கள் ஆன்மாவின் இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். நான் வெள்ளைச் சாரி உடுத்துக்கொண்டு போய் முன்வாங்கில் இருந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முன்வாங்கில் எனக்காக இடம் விட்டிருந்தார்கள். பூசை முடிய ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். மெல்பேர்னில் இருந்து உங்கள் பெறாமகன், லீவு எடுக்க முடியாது, சூமில் பார்க்கிறோம் என்று செய்தி அனுப்பியிருந்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். ஆனால் அங்கே கோவிலில், வரிசையில் வந்த ஒரு அம்மா, “மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ, கத்தரின். இனி ஞாயிறுதான் உங்களுக்குக் கஷ்டமாய் இருக்கும்,” என்றார்.

ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடங்களாக நான் ஊர் என்ன சொல்லும் என்று பயந்திருக்கிறேன். ஊர் எப்போதோ சொல்லி முடித்து, முன்வாங்கில் இடமும் விட்டுவிட்டு, காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன் என்றால் அது பொய். நான் அழுதேன். நன்றாக அழுதேன். எனக்கு இல்லாத ஒரு இடத்தில் என்னை யாரோ உட்காரவைத்ததுபோல் இருந்தது, எழும்ப மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. இப்படி ஏதாவது நடந்தால் நான் சொல்வது உங்களிடம்தான். உங்கள் எண்ணை அழுத்திவிட்டேன். பிறகு நினைவு வந்தது, நீங்கள் செத்துவிட்டீர்கள். பிறகு நினைவு வந்தது, இல்லை, சாகவில்லை. பிறகு நினைவு வந்தது, மெல்பேர்ன். மூன்றாவதுதான் மோசமாக இருந்தது.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். கொலையை நான் பிழை என்று சொல்லவில்லை. கணக்குத்தான் பிழைத்தது. காய்ச்சல் என்றால் பிள்ளைகள் திரும்பியிருப்பார்கள். சாவு என்றால் நம்முடைய சனம் திரும்பாது. போகும். கல்யாணத்துக்குப் போகாமல் விடலாம், செத்த வீட்டுக்குப் போகாமல் விட முடியாது. ஞானேந்திரன் வேலைக்கு லீவு போட்டார். வியாழக்கிழமை டிக்கெட்டைப் புதனுக்கு மாற்றினார்கள். விடிய முதலே மனைவியும் அயலவர்களும் சோறும் மரக்கறியும் சமைத்துச் சட்டிகளில் கட்டினார்கள். நான் ஒரு பெட்டை பேர்கனுக்குப் போவதை நிறுத்தப் பார்த்தேன். என்னால் ஒரு ரயில் பெட்டி நிறையத் தமிழர்கள் பேர்கனுக்குப் போனார்கள், அதுவும் ஒரு நாள் முந்தி.

அந்தப் பயணத்தில்தான் பிள்ளைகள் முதன்முதலாக ஸ்கண்டிநேவியாவை வடிவாகப் பார்த்தார்களாம். ஜூலையிலும் பனி கரையாத மலைகள், பச்சை ஏரிகள், தூரத்தில் சிவப்பு வீடுகள். பிருந்தன் மடியில் பருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தபடியே வந்தானாம். மற்றவர்கள் செபமாலை சொன்னார்களாம்.

மலையில் மழை பிடித்ததால் நீங்களும் ஒரு நாள் முந்தி வீடு திரும்பியிருந்தீர்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. அழைப்பு மணி கேட்டுக் கதவைத் திறந்தீர்கள். உங்களை ஞானேந்திரன் கண்டு கனகாலம். கொட்டிலில் இருந்து வந்த தாடி வேறு. அவர் உங்கள் கையைப் பிடித்து, “தம்பி, பெட்டியை எங்கை வைச்சிருக்கினம்?” என்று கேட்டாராம்.

“எந்தப் பெட்டி?” என்றீர்களாம்.

“அருமைராசாவின்ரை.”

“அருமைராசா நான்தானே.”

ஞானேந்திரன் திரும்பி, படிக்கட்டு முழுக்கச் சட்டிகளோடு நின்ற சனத்தைப் பார்த்தாராம். “அப்ப சோறு?” என்றாராம்.

“மழையுக்கை நிக்காதேங்கோ. உள்ளை கொண்டு வாங்கோ,” என்றீர்களாம் நீங்கள்.

எனக்கு அந்தப் புதன்கிழமை காலை, பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது, தொலைபேசி வந்தது.

“அம்மா.”

“சொல்லு.”

“அங்கிள் தன்ரை செத்த வீட்டுக்கு வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கிறார்.”

“சீனி குறைக்கச் சொல்லு. அவருக்குக் கூடாது,” என்றேன். 

பிறகு நீங்கள் வாங்கிப் பேசினீர்கள். “கத்தரின், நான் செத்திட்டன் எண்டு சொல்லீனம்.”

“கேள்விப்பட்டன்,” என்றேன்.

நீங்கள் சிரித்தீர்களா, இருமினீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று நீங்கள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அது போதாதென்று ஞானேந்திரனின் மனைவி உங்கள்மேல் கோபமாம். லீவு எடுத்து, வெள்ளனச் சமைத்து, அவ்வளவு தூரம் வந்திருக்கிறா.

றொஷினி வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். “கேட்டனியோ?”

“இல்லை.”

“ஏன்?”

“செத்த வீட்டிலை கல்யாணப் பேச்சோ, அம்மா? நீங்கள் செய்த கொலை. இனி நீங்களே கேளுங்கோ.”

கல்யாணம் என்ற சொல்லை அவள்தான் சொன்னாள். நான் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் வந்து ஒரு வாரமாகிறது. பிரஷாந்தினி வீட்டில் தங்கியிருக்கிறீர்கள். உங்களைக் கொன்ற இரண்டு பேரில் ஒருத்தி உங்களுக்கு நாளாந்தம் புட்டு அவிக்கிறாள். இன்று பூசைக்கு வந்து, உங்களுக்காக மன்றாடிய சனத்துக்கெல்லாம் கைகொடுத்தீர்கள். ஒப்புக்கொடுத்த பூசை வீண்போகாது, பிறகு உதவும் என்று பூசை வைத்த சுவாமி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளைக்கு உங்களுக்கு விமானம். வீட்டைக் கொடுக்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறது.

காரணம் கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். மகளின் அவசர புத்தி. உங்களுக்கு வரக்கூடிய சங்கடம். தொலைபேசி எடுக்காத உங்கள் கொட்டில். எல்லாம் நியாயமான காரணங்கள். கார்டரியில் இந்தப் பதிலுக்கு நான் ஒரு பிள்ளையை மன்னித்து விளையாட அனுப்பிவிடுவேன்.

நீங்கள் எழும்புகிறீர்கள். தேத்தண்ணி அப்படியே இருக்கிறது. “சரி, கத்தரின். விளங்கீட்டுது,” என்கிறீர்கள். உங்களுக்கு விளங்கவில்லை. பக்கத்து அறையில் றொஷினி காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாளாம். காதில் மாட்டுகிற அந்தக் கருவி இரண்டும் இங்கே மேசையில் கிடக்கின்றன.

“கொஞ்சம் வடை கட்டித் தரட்டோ?” என்கிறேன்.

“வேண்டாம். பிரஷாந்தினி சமைச்சிருப்பா.”

“குடை கொண்டு வந்தனீங்களோ?”

“வெளியிலை வெயில்.”

வாசலில் குனிந்து சப்பாத்தை எடுக்கிறீர்கள். முழங்கால் மடிய மறுக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நுழைக்கிறீர்கள். கயிற்றைக் கட்டுகிறீர்கள். நீங்கள் எதையும் அவசரப்படுத்துவதில்லை, ஆனால் கட்டுவதற்கு இன்னும் ஒரு சப்பாத்துத்தான் இருக்கிறது.

கேளுங்கள். நான் இவ்வளவு நேரம் சொன்ன காரணங்களில் ஒன்றும் காரணம் இல்லை. நீங்கள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ற பயத்தில் செய்தேன். மெல்பேர்னில் ஞாயிறு முன்னதாகவே வந்து முன்னதாகவே முடிந்துவிடும். நான் பூசையால் வந்து உட்காரும்போது உங்களுக்கு அது திங்கட்கிழமை. எனக்கென்று நீங்கள் தந்த ஒரு நாளை உங்களோடு கொண்டு போகப் பார்த்தீர்கள். உங்களை வேறு யாரோ எடுத்துக்கொள்வதைப் பார்ப்பதைவிட, உங்களைப் புதைத்துவிட்டு முன்வாங்கில் இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. அதனால் கொன்றேன். தெரிந்துதான் கொன்றேன்.

நீங்கள் இரண்டாவது சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறீர்கள். அதை உங்கள் கையிலிருந்து வாங்கி எனக்குப் பின்னால் வைக்கிறேன். எத்தனையோ ஞாயிறுகளாகக் குழாயைப் பற்றிப் பேசிப் பேசி விழுங்கியதை, பக்கத்து அறைக்கும் கேட்கும்படி சொல்கிறேன்.

“மெல்பேர்னுக்குப் போகாதேங்கோ. என்னைக் கட்டிக்கொண்டு இங்கை இருங்கோ.”